தொகுத்து ஜெபிக்கிறவர்

டிங்கருக்குத் தன் சகலையைக் கண்டாலே ஆகாது. அதைப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால், கையிலிருக்கும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பார். கீழே வைப்பார் என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான்.

அடிபட்ட கார்களின் ஒடுக்கை எடுப்பது அவர் தொழில். தகட்டுக்கு உள்ளே ஒரு கையால் இரும்புக் கட்டையைத் தாங்கிக்கொண்டு, வெளியே மறு கையால் தட்டித் தட்டி, பழைய வளைவு வரும்வரை விடமாட்டார். அறுபத்தெட்டு வயது. சபையிலும் தெருவிலும் டிங்கர் என்றால்தான் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் தீர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அவர் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம். இருபத்தேழு வருஷமாக நடக்கிறது. பாட்டு, வசனம், அதன்பின் ஒவ்வொருவரும் தங்கள் பாரத்தைச் சொல்வார்கள். ஒருவருக்கு முட்டுவலி, ஒருவருக்கு மகனின் வேலை, ஒருவருக்குக் குடியிருக்க வீடு. எல்லாரும் சொல்லி முடித்தபின் ஒருவர் அத்தனையையும் சேர்த்து ஆண்டவரிடம் கொண்டுபோக வேண்டும். தொகுத்து ஜெபிக்கிறது என்று அதற்குப் பேர். அதைச் செய்கிறவர் டிங்கர்தான்.

செய்தால் அப்படிச் செய்வார். "பரலோகப் பிதாவே" என்று தொடங்கினால் தெருவில் போகிறவன் செருப்புச் சத்தத்தைக் குறைப்பான். இருபத்தைந்து நிமிஷம் எங்கும் தடுமாற மாட்டார். அது தடம் மாறாத பேருந்து மாதிரி. எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார் என்று கூட்டத்துக்கே தெரியும். விதவைகள் முதலில், வேலையில்லாதவர்கள் அடுத்தது, படுக்கையில் இருப்பவர்கள் வரும்போது குரல் ஒரு படி ஏறும், பிரயாணம் பண்ணுகிறவர்கள் வந்தால் ஆமென் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மடியில் வேதப்புத்தகம் விரித்தபடியே இருக்கும். ஆனால் அவர் அதைப் படிப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பாதிக் கூட்டம் தூங்கிவிடும். சின்ன வயதிலிருந்து காதால் கேட்டதையெல்லாம் மனதில் போட்டு வைத்திருந்தார். பக்கத்தைப் பார்த்தபடி அதைச் சொல்வார். படிக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவருடைய வீட்டுக்காரிக்குத் தெரியும். அவளும் வெளியே விடவில்லை.

இந்த ஏற்பாட்டில்தான் சகலை வந்து விழுந்தான்.

சகலை என்பவன் வீட்டுக்காரியின் தங்கை புருஷன். டிங்கரை விடப் பன்னிரண்டு வயது இளையவன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டியதைவிடக் குடித்தது அதிகம், குடித்ததைவிட இடித்தது அதிகம். அவன் நசுக்கிக்கொண்டு வந்த பம்பர்களை நிமிர்த்தியே டிங்கரின் தோள்பட்டை போயிற்று. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பாலத்துச் சுவரில் மோதி முழங்கால் உடைந்து கிடந்தபோது, டிங்கர்தான் அவனைக் கையைப் பிடித்து ஜெபத்துக்குக் கூட்டிவந்தார். அதை அவர் மறக்கவில்லை. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதுதான் அவர் குறை.

லாரி போனபின் ஒரு மரச்சாமான் கிடங்கின் வாசலில் அவனுக்குக் காவல் வேலை கிடைத்தது. ஆள் நுழைய இடமில்லாத தகரக் கூண்டு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். சபையில் நடத்திய வேதபாடத்தை முதல் வருஷம் முடித்தான், இரண்டாம் வருஷமும் முடித்தான், பிறகு தானாக ஒரு தடித்த விளக்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஒரு நீல நோட்டில் யார் யாருக்கு என்ன பாரம் என்று எழுதி வைத்தான். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்கே போய், "அது என்ன ஆச்சு?" என்று கேட்பான். ஆன காரியத்துக்கு எதிரே ஒரு கோடு போடுவான்.

"ஆண்டவருக்கு ஆஜர் எடுக்கிறானா இவன்?" என்று டிங்கர் வீட்டில் கேட்டார்.

வீட்டுக்காரி தங்கை சொன்னதைச் சொன்னாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, மடங்காத காலை ஒரு பலகையில் நீட்டி வைத்துக்கொண்டு, மற்ற காலில் முழங்கால் போட்டு ஜெபிக்கிறானாம். மறுநாள் டிங்கர் நாலரைக்கு எழுந்தார். கட்டிலில் தலை சாய்த்து முழங்கால் போட்டவர் அப்படியே தூங்கிப்போனார். ஏழு மணிக்கு நெற்றியில் கட்டில் சட்டத்தின் தழும்போடு எழுந்தபோது வீட்டுக்காரி காபி தம்ளரைக் கொடுத்து, "பதில் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

அது போகட்டும். கூட்டத்தில் ஆட்கள் பெருகிவிட்டார்கள். இருபத்துமூன்று பேர். போதகர் ஒருநாள் வந்து, இனி குழுவுக்குப் பொறுப்பாக ஒருவரை வைத்துவிடலாம், அவரே வசனத்தை விளக்கி, தொகுத்தும் ஜெபிக்கட்டும் என்றார். யார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று டிங்கர் நினைத்தார். ஆனால் போதகர் இரண்டு பேரைப் பார்த்தார். இந்த வெள்ளி ஒருவர் நடத்துங்கள், அடுத்த வெள்ளி ஒருவர், பிறகு சொல்கிறேன் என்றார்.

டிங்கரின் வயிற்றில் அப்போது பற்றிக்கொண்டதுதான். தான் தூக்கிவிட்டவன், தன் வீட்டுப் பாயில், தனக்கு எதிரே. "சின்னவன் முதல்ல நடத்தட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அவன் சறுக்கினால் அடுத்த வாரம் நமக்கு மேடை சுத்தமாக இருக்கும் என்பது கணக்கு.

முதல் வெள்ளிக்கு வீட்டுக்காரி ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு வாரம் போயிருந்தாள். முன்னறையை டிங்கரே கூட்டிப் பாய் விரித்தார். சகலை காலை நீட்டி உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, ஒரு பார்வையற்றவனின் கதையை எடுத்தான். ஆண்டவர் ஒருமுறை தொட்டபோது அவனுக்கு மனிதர்கள் நடமாடும் மரங்கள் மாதிரி மங்கலாகத்தான் தெரிந்தார்கள், மறுபடி தொட்டபின்தான் தெளிவாகத் தெரிந்தார்கள் என்றான். நாமும் அப்படித்தான், ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிடாது, தொடத் தொடத்தான் தெரியும் என்றான். கூட்டம் தலையாட்டியது. முதலிலிருந்தே கூட்டத்துக்கு வருகிற தையல்காரம்மாகூடத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் இத்தனை வருஷம் தனக்கு உரியது என்று டிங்கருக்குத் தோன்றியது.

"அப்படி ஒண்ணும் வேதத்துல கிடையாது" என்றார். "ஆண்டவர் தொட்டா தொட்டதுதான். ரெண்டாம் தடவை தட்டி நிமிர்த்துறதுக்கு அவர் என்ன என்னை மாதிரி டிங்கரா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

சகலையும் சிரித்தான். "இருக்குண்ணே. இந்தாங்க, பக்கம் எடுத்துட்டேன்."

டிங்கர் புத்தகத்தை வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடின. "இது எந்த அச்சு? இப்பல்லாம் புதுசு புதுசா போட்டுக் கலக்குறானுங்க."

"உங்க புத்தகந்தாண்ணே. உங்க மடியில இருந்ததைத்தான் எடுத்தேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் அதிகமாகச் சுட்டது. வீட்டுக்காரி இல்லாததால் டீ நான்தான் போட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு, புத்தகத்தோடு சமையலறைக்குள் போனார்.

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். முன்னறையில் ஆட்கள் ஒவ்வொருவராகப் பாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது ஓர் இரைச்சலாகக் கேட்டது. யாரோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு சகலையின் ஜெபம், ஏற்ற இறக்கம் இல்லாத மொட்டைக் குரல். டிங்கர் எதையும் காதில் வாங்கவில்லை. நான்கு வரிகளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. மரங்கள் இருந்தன. இரண்டாம் தடவையும் இருந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

வெளியே வந்து எல்லாருக்கும் அடிபிடித்த டீயைக் கொடுத்தார். இருக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளி அவருடையது. வாரம் முழுவதும் பட்டறையில் தட்டிக்கொண்டே ஜெபத்தைச் சரிபார்த்தார். ஒரு நிறுத்தமும் விடக்கூடாது, குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே உடைய வேண்டும் எல்லாம் முடிவாயிற்று. வேலைக்கு வந்த ஒரு காரின் கதவு அந்த வாரம் வழக்கத்தைவிட நேர்த்தியாக அமைந்தது. அதையும் ஒரு நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வசனம் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைச் சுருக்கமாகச் சொன்னார். பாரங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னவை காதில் விழுந்தன, உள்ளே இறங்கவில்லை. உள்ளே ஜெபம் புறப்படத் தயாராக இரைந்துகொண்டிருந்தது. தையல்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் அவள் தம்பி டிங்கருக்கு மனப்பாடம். தூரதேசத்தில் வேலைக்குப் போய்ச் சிறுநீரகம் கெட்டு நான்கு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவன். அந்த இடத்தில்தான் குரல் உச்சத்துக்குப் போகும்.

போயிற்று. "எங்கள் சகோதரியின் தம்பியை, ஆண்டவரே, அந்தப் படுக்கையிலிருந்து எழுப்பும்" என்றார்.

ஒரு விம்மல் கேட்டது.

தையல்காரம்மாதான். டிங்கருக்குக் கண் மூடியிருந்தாலும் தெரிந்தது. உடம்பு சிலிர்த்தது. சகலையின் மொட்டை ஜெபத்தில் யாராவது அழுதிருக்கிறார்களா? குரலை இன்னும் ஏற்றினார். "இன்றைக்கே எழுப்பும். காலூன்றி நடக்கச் செய்யும். தமக்கை கண்ணால் பார்க்கும்படி அவனை வீட்டுக்கு அனுப்பும்." விம்மல் அழுகையாயிற்று. வேறு ஒரு ஆமென்கூட வரவில்லை. எல்லாரும் நெகிழ்ந்து போயிருக்கிறார்கள் என்று எண்ணி அதையே மூன்றாம் முறை சொல்ல மூச்சை இழுத்தார்.

அந்த மூச்சின் இடைவெளியில் சகலையின் குரல் நுழைந்தது. "ஆமா ஆண்டவரே. நீர் அவரை எழுப்பியாச்சு. போன வாரமே உம்மகிட்ட கூப்பிட்டுக்கிட்டீர். இனி அவருக்கு வலி இல்ல. பார்க்கணும்னு ஏங்குற இந்த அக்காவுக்கு ஆறுதல் கொடும். அண்ணன் கேட்டபடியே ஒருநாள் கண்ணால பார்க்க வையும்." அவ்வளவுதான். ஆமென் என்று முடித்துவிட்டான்.

டிங்கர் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிரயாணிகள் நிறுத்தம் இன்னும் பாக்கி இருந்தது.

தையல்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய்வருகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டே போனாள். கூட்டம் கலைந்தபின் சகலை மட்டும் நின்று தம்ளர்களைக் கழுவினான்.

"நீ ஏன்யா எங்கிட்ட முன்னாலேயே சொல்லல?"

"போன வாரம் இங்கதானே சொன்னாங்க. நீங்க உள்ள இருந்து கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்ணே."

"நெனச்சே. நான் குப்புற விழணும்னு காத்துக்கிட்டு இருந்தே. விழுந்ததும் நல்லவனா வந்து தூக்கிவிட்டே."

சகலை குழாயை மூடினான். கையிலிருந்த தம்ளரைத் துடைத்துக் கவிழ்த்தான். "காத்துக்கிட்டு இருக்கலண்ணே. ஆனா நீங்க சொன்னதும் ஒரு நொடி சந்தோஷமா இருந்துச்சு. அது பொய்யில்ல. அந்த அம்மா அழுறதைக் கேட்டப்புறம்தான் எனக்கே அசிங்கமாச்சு. உங்களை மாதிரி ஜெபிக்கணும்னு கூண்டுல உட்கார்ந்து எத்தனை நாள் சொல்லிப் பார்த்திருக்கேன் தெரியுமா? வாய்ல வரல."

டிங்கர் அதை நம்பவில்லை. நம்பாதது அவர் சுபாவம். ஆனால் பொய் சொல்கிறவன் தன்னைப் பற்றி இவ்வளவு மட்டமாகச் சொல்லமாட்டானே என்று படுக்கும்போது ஒரு முள் குத்தியது.

மறுநாள் மத்தியானம் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். பத்தடி அறை. மிஷின், அதைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சீருடைகள் மலை மாதிரி. அவள் முக்காலியில் கிடந்த துணியைத் தள்ளி உட்காரச் சொன்னாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"தப்பு என்மேலதாம்மா" என்றார் டிங்கர்.

"விடுங்கண்ணே. நீங்க என்ன வேணும்னா சொன்னீங்க."

அத்தோடு அவர் எழுந்திருக்கலாம். அவள்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க கோவிச்சுக்காட்டி ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு மாத்துச் சிறுநீரகம் வச்சாங்க. ஒன்றரை வருஷம் நல்லா எழுந்து வேலைக்குப் போனான். அந்த ஒன்றரை வருஷமும் வாராவாரம் நீங்க படுக்கையிலிருந்து எழுப்பும்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் போன்ல சொல்லுவேன். 'டிங்கர் அண்ணன் என்னை இன்னும் கட்டிலை விட்டு இறக்கலியாக்கா'ன்னு சிரிப்பான்."

"நீ எங்ககிட்ட சொல்லலியேம்மா?"

"ஆண்டவர் அவனை எழுப்பிட்டார்னு எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னேனேண்ணே. நீங்க கை தட்டினீங்க."

டிங்கர் தன் கைகளைப் பார்த்தார். தட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் தட்டும் கைதான்.

"சகலை இங்க வருவானா?" என்று கேட்டார். இந்த நேரத்திலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வாரம் தவறாம வருவார். பெருசா ஒண்ணும் பேச மாட்டார். என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதிக்குவார்." மிஷின் நின்றது. "ஆனா நேத்து நான் அழுதது உங்கமேல கோபத்துல இல்லண்ணே. ஊரே முடிஞ்சுதுன்னு விட்டுட்டப்ப, ஒருத்தர் மட்டும் அவன் இருக்கிறதா நெனச்சுக் கேட்டுக்கிட்டு இருக்காரேன்னு இருந்துச்சு. அதுதான் தாங்கல."

டிங்கர் தரையில் சரிந்து கிடந்த ஒரு சீருடையை எடுத்துக் குவியல்மேல் வைத்தார். படியிறங்கி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி முழங்கால் போட்டார். பரலோகப் பிதாவே என்று தொடங்கினார். வண்டி புறப்படவில்லை. விதவைகள் என்று சொல்லப் போனால் எந்த விதவை, அவளுக்கு இப்போது என்ன குறை என்று தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே கதி. இருபத்தேழு வருஷம் ஊருக்காக ஜெபித்தவருக்குத் தனக்காக ஒரு வாக்கியம் இல்லை. கடைசியில், "ஆண்டவரே, எனக்கு அவன்மேல வயிறெரியுது. எனக்குப் படிக்கவும் தெரியாது" என்றார். அதற்குமேல் வரவில்லை. எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். எரிச்சல் அப்படியேதான் இருந்தது. ஆனால் சொன்னது யாரிடமும் இரவல் வாங்காத பேச்சு என்பது மட்டும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை போதகர் பட்டறைக்கு வந்தார். கழற்றி வைத்திருந்த ஒரு கார் இருக்கையில் உட்கார்ந்தார். டிங்கர் ஒரு முன்பக்கத் தகட்டின் ஒடுக்கை எடுத்துக்கொண்டிருந்தார். போதகர் முகம் மலர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவர் ஜெபத்தில் தையல்காரம்மா உடைந்து அழுதாள் என்று யாரோ சொன்னார்களாம். சகலை நன்றாகப் படித்தவன்தான், ஆனாலும் ஜெபத்தில் ஒருவர் அழுகிறார் என்றால் அது வேறு வரம், அதனால் பொறுப்பை உங்களிடமே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன் என்றார்.

டிங்கர் தட்டுவதை நிறுத்தினார்.

ஒன்றும் சொல்ல வேண்டாம். பொய்கூடச் சொல்ல வேண்டாம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தை போதும். கூட்டத்தில் இருந்தவர்கள் மரியாதைக்காக வாயைத் திறக்க மாட்டார்கள். சகலை நிச்சயமாகத் திறக்க மாட்டான். அதை நினைத்ததும் எரிச்சல் இன்னும் கூடியது. அவன் திறக்க மாட்டான் என்று இவ்வளவு உறுதியாக எப்படித் தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தெரியும். அவ்வளவுதான்.

"அந்த அம்மா எதுக்கு அழுதான்னு கேட்டீங்களா?" என்றார்.

"இல்லையே."

"அவ தம்பி செத்துப்போயிட்டான். நான் அது தெரியாம எழுப்பும் எழுப்பும்னு கத்திக்கிட்டு இருந்தேன். சகலைதான் நடுவுல பூந்து மானத்தைக் காப்பாத்தினான். அவங்கிட்டக் குடுங்க."

போதகர் இருக்கையிலிருந்து எழுந்தார். பிறகு கண் கலங்கி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு தாழ்மை என்று ஆரம்பித்தார்.

"தாழ்மையும் இல்ல ஒண்ணும் இல்ல, ஐயா. அவன் என் பாயில உட்கார்ந்து நடத்துறதை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்." சுத்தியலைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டார். போதகரைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்தபடி கேட்டார். "இந்த வேதபாடம், வேதபாடம்ங்கிறீங்களே. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் அதுல இடம் உண்டா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

போதகர் அவர் முகத்தையும், இருபத்தேழு வருஷமாக அவர் மடியில் விரிந்திருந்த புத்தகத்தையும் ஒன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். "உண்டுண்ணே. புதுசா ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறோம். ஒவ்வொரு வரியா நிதானமாப் படிக்கிறவங்களுக்கு. ஆனா..." என்று தயங்கினார்.

"என்ன ஆனா?"

"அதை எடுக்கப்போறது உங்க சகலை."

டிங்கர் தகட்டுக்கு அடியில் இரும்புக் கட்டையை வைத்தார். நான்கு அடி அடித்தார். நான்கும் தேவைக்கு அதிகமான அடி. தகடு வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டது. இனி அதை மறுபடி உள்ளே தட்ட வேண்டும்.

"எந்தக் கிழமை?" என்று கேட்டார்.